மாட்டுத் தீவனக் கொட்டகை

இயற்கையின் முன் எல்லா மனிதரும் சமம் என்று கோயில் பொங்கல் மேடைகளில் பேசுவது லட்சுமிகாந்தத்தின் வழக்கம்.

நேற்றிரவு வெம்பக்கோட்டைப் பக்கம் மழையோடு சுழன்றடித்த சூறைக்காற்று அந்தப் பேச்சைக் கேட்டதில்லை போலிருக்கிறது. குடிசைகளை எல்லாம் விட்டுவிட்டு அவருடைய கொட்டகையின் தகரக் கூரையை மட்டும் சுருட்டிக்கொண்டு போனது. போகிற போக்கில் இரண்டு பனைமரம், ஒரு மின்கம்பம். அப்புறம், யாரும் பார்க்காதபடி இருட்டிய பிறகு அலசி மொட்டைமாடிக் கொடியில் அவர் காயப்போட்டிருந்த ஒரு பொருள்.

அந்தப் பொருள் இல்லாமல் லட்சுமிகாந்தம் பல வருடமாக வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

"சேதம் பாக்க ஆபீசரு வாராக. கம்மாய்க்குள்ள எறங்கியாவது தேடி எடுத்துட்டு வா" என்று மனைவி பொன்னுத்தங்கத்தை விடிந்ததும் விரட்டினார். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

போய்ப் பார்த்ததும் அந்தக் கவலை மறந்தே போனது.

கொட்டகையில் மாட்டுத் தீவனம் இருப்பதாக ஊருக்கும் அரசாங்கத்துக்கும் சொல்லி வைத்திருந்தார். அவரிடம் மாடு கிடையாது. உள்ளே நடந்தது சரவெடி சுற்றும் வேலை. லைசென்ஸ் கிடையாது. தெரிந்தால் கொட்டகைக்கு சீல், அவருக்கு ஜெயில். நல்லவேளையாகக் கடைசி லோடு முந்தாநாளே போய்விட்டது. மிச்சமிருந்தவை லேபிள் கட்டுகள்தான்.

பெயரைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று லேபிளில் அவர் பெயரைப் போடவில்லை. லைசென்ஸ் நம்பர் வர வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அது பார்க்க நன்றாக இல்லை என்று அங்கே தன் போட்டோவைப் போட்டிருந்தார்.

இடப்பக்கம் வகிடெடுத்த அடர்ந்த கருமுடி. கைகூப்பிய சிரிப்பு. நாலு கலர் ஆப்செட்.

இப்போது அந்தச் சிரிப்பு ஈரத்தோடு ஊர் முழுக்க ஒட்டியிருந்தது. பம்புசெட் சுவரில், வேப்பமரத்தில், ரேஷன் கடைக் கதவில், ஒரு வெள்ளாட்டின் முதுகில்.

போர்மேன் காளீஸ்வரன் சாக்கோடு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கன பாத்தாலும் நீங்கதான் இருக்கீக மொதலாளி!"

பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றபோது அவர் கேட்க ஏங்கிய வார்த்தை.

"ஏலே, வாய மூடிட்டுப் பொறுக்குலே. ஜீப்பு வருது."

ஜீப்பிலிருந்து இறங்கியவர் வருவாய் ஆய்வாளர் கற்பகம். காரியாபட்டியிலிருந்து மாறுதலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் எவர் முகமும் அவருக்குப் பழக்கமில்லை. லட்சுமிகாந்தத்துக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

"உள்ளே என்ன சார் வச்சிருந்தீங்க?"

"மாட்டுத் தீவனம்மா. அம்புட்டும் போச்சு."

சொல்லும்போதே காலடியில் கிடந்த தன் முகத்தை மிதித்துக்கொண்டார். அரை அடி தள்ளி இன்னொரு முகம் கிடந்தது. அவருக்கு இருந்தது இரண்டே கால்.

மூன்றாவதைக் கற்பகம் குனிந்து எடுத்தார்.

"பட்டாசு லேபிள் மாதிரி இருக்கே. லைசென்ஸ் நம்பரைக் காணோம்." படத்தை உற்றுப் பார்த்தார். "யாரு சார் இவரு?"

லட்சுமிகாந்தத்துக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பதற்றத்தில் தலைத்துண்டை உருவி முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

கற்பகம் அவர் தலையைப் பார்த்தார். காலை வெயிலில் அது பளபளத்தது. ஒரு மயிர் இல்லை. மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு காளீஸ்வரன் பக்கம் திரும்பி, "உங்களுக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியலியேம்மா. சினிமாக்காரன் மாதிரி இருக்கான்" என்றான் காளீஸ்வரன்.

'இருக்கான்' என்றதற்காக லட்சுமிகாந்தம் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வழுக்கையை அன்போடு தடவிக்கொண்டார்.

"காத்து எந்த ஊருல இருந்து அள்ளிட்டு வந்துச்சோ. நமக்கென்னம்மா தெரியும்."

கற்பகம் தலையாட்டினார். லேபிளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் போனார்.

அப்போது வரப்பின் மேல் பொன்னுத்தங்கம் ஓடி வருவது தெரிந்தது. உயர்த்திய கையில் கறுப்பாக ஏதோ தொங்கியது.

வராதே என்று லட்சுமிகாந்தம் கையை வீசினார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அது சீக்கிரம் வா என்பதுபோல இருந்திருக்க வேண்டும். பொன்னுத்தங்கம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி வந்தார்.

"ஏங்க, கெடச்சிருச்சுங்க! வேலிக்கருவேல முள்ளுல மாட்டிக் கெடந்துச்சு. ஆபீசரு முன்னாடி இப்படியா வெறுந்தலையோட நிப்பீக?"

மூச்சு வாங்க, இரண்டு கையாலும் அதை அவர் தலையில் வைத்து அழுத்தினார். ஒரு முள்ளை எடுத்துப் போட்டு, நீவிச் சரிசெய்தார்.

கற்பகம் மடித்த லேபிளை விரித்தார்.

வகிடு இடப்பக்கம் இருந்தது.