சிவப்புக் கோடு

"மாசத்துல நாலாவது தடவைப்பா! பேட்டரியில சார்ஜே ஏறல. என்ன லட்சணத்துல வேலை பார்க்கறே?"

கேம்பர் வேனையே வீடாக்கித் தனியாக வாழும் பெரியவர் பொரிந்து தள்ளினார்.

எலக்ட்ரீஷியன் சீட்டுக்கடியில் குனிந்தான். பேட்டரி வயரின் நட்டு தளர்ந்திருந்தது. போன வாரம் ஸ்பானரால் இறுக்கிவிட்டு கழன்றால் தெரியட்டும் என்று அதன்மேல் அவன் போட்ட சிவப்புப் பெயின்ட் கோடு அரைச் சுற்று விலகியிருந்தது.

மாதக்கணக்கில் நகராத வண்டியில் நட்டு தானாகவா கழலும்?

நிமிர்ந்தான். மேஜையில் இரண்டு கப் டீ தயாராக இருந்தது. பெரியவரின் விரலில் புதுச் சிராய்ப்பு.

நட்டை இறுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"சார், அடுத்த தடவை நட்டுப் பக்கம் போகாதீங்க. இந்த ஃபியூஸை மட்டும் உருவிடுங்க, கை கிழியாது."

பெரியவர் தலை குனிந்தார்.

"வியாழக்கிழமையா பார்த்து உருவுங்க. அன்னிக்கு எனக்கும் வீட்ல யாரும் இல்ல."