ஒரு வார்த்தை கூடுதல்

பதிப்பகத்தில் அவனை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை திருத்துவது வேலை. அடுத்தவர் தப்பு ஒன்று கையில் சிக்கிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

இணையத்தில் அவனுக்கு இன்னொரு பேர் இருந்தது: முந்திரிக்கொட்டை. அது ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. பதிப்பகத்தின் துப்பறியும் நாவல் கடைக்கு வருவதற்கு முன்பே கடைசி அத்தியாயத்தை அப்படியே போட்டு, கொலைகாரன் யார் என்று உடைத்துவிடுவான். காசுக்காக இல்லை. ஊரே தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம் தனக்கு மட்டும் முன்னாலேயே தெரியும் என்கிற குறுகுறுப்பு இருக்கிறதே, அதற்காக.

நாவல்களை எழுதியவர் ஒரு புனைபேருக்குள் பத்திரமாக ஒளிந்திருந்தார். ரிட்டயர்டு போலீஸ்காரர் என்று சிலரும், யாரோ டாக்டரம்மா என்று சிலரும் அடித்துச் சொன்னார்கள்.

அடுத்தடுத்து மூன்று நாவல்கள் இப்படிப் புஸ்ஸென்று போனதும் முதலாளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இந்தத் தடவை கடைசி அத்தியாயத்தை அச்சுக்கூடத்துக்குக்கூட அனுப்பவில்லை. கமாவுக்கும் மேனேஜருக்கும் மட்டும் ஆளுக்கொரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

"உங்க ரெண்டு பேரைத் தவிர யார்கிட்டயும் இது இல்லை. வெளிய போச்சுன்னா நேரா போலீஸ்தான்."

"எங்க கையில இருக்கிற வரைக்கும் கவலையே படாதீங்கம்மா" என்றான் கமா. மேனேஜர் கொட்டாவியை மென்று விழுங்கித் தலையாட்டினார்.

மேனேஜர் ஒரு அப்பிராணி. கழிவறைக் கதவில் 'விளக்கை அனைக்கவும்' என்று எழுதி ஒட்டிய மனுஷர். கமாதான் போய்ச் சிவப்பு மையால் 'ன'வை அடித்து 'ண' போட்டு விளக்கைக் காப்பாற்றினான்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு மேனேஜர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அவருடைய கம்ப்யூட்டர், பென் டிரைவ் செருகியபடியே, திறந்து கிடந்தது. ஏதோ ஒன்று கமாவின் மூக்கில் நெடியடித்தது. ஒரே அத்தியாயத்துக்கு எதற்கு இரண்டு பென் டிரைவ்? பூனை மாதிரி போய்த் தன்னுடையதையும் அதில் செருகினான்.

கம்ப்யூட்டரின் கறுப்புக் கட்டளைத் திரையில் 'டபிள்யூ.சி.' என்று இரண்டே எழுத்துத் தட்டி, கோப்பின் பேரைக் கொடுத்தால் போதும். வரி எத்தனை, வார்த்தை எத்தனை என்று கண்மூடித் திறப்பதற்குள் எண்ணிச் சொல்லிவிடும்.

அவனுடைய கோப்பு: வரி 212, வார்த்தை 3,406. மேனேஜருடையது: வரி 212, வார்த்தை 3,407.

ஒரு வார்த்தை உதைத்தது. வரி வரியாகத் தேடிப் பிடித்தான். அவனுடையதில் வெறும் 'கத்தி'. மேனேஜருடையதில் 'சின்னக் கத்தி'.

கமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு அடையாளம் வைத்துக் கொடுத்து, எது வெளியே வருகிறது என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறார் அம்மா. வாயைப் பொத்திக்கொண்டதில் தோள் இரண்டும் குலுங்கின.

"என்னப்பா தட்டிட்டிருக்கே?" என்றார் மேனேஜர், கண்ணைத் திறக்காமலே.

"டபிள்யூ.சி., சார்."

"அது மாடியில இருக்கு. வரும்போது விளக்கை அணைச்சுட்டு வா."

கமா சின்னக் கத்தி இருந்த கோப்பைத் தன் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். பாவம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் எழுத்துக்கூட்டித் தமிழ் எழுதுகிறவர் பதிப்பகத்தில் இருந்து என்ன சாதிக்கப்போகிறார்?

சாயங்காலம் முந்திரிக்கொட்டை உடைந்தது. ஊர் கொலைகாரனைத் தெரிந்துகொண்டது.

மறுநாள் காலையில் முதலாளியம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றான். மேனேஜர் முன்னமே வந்து உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கறுப்புத் திரையைத் திறந்தார். வெளியான அத்தியாயத்தின் பேரைக் கொடுத்துத் தானே தட்டினார்.

"வார்த்தை மூவாயிரத்து நானூத்தி ஏழு" என்று நிதானமாக வாசித்தார். "கமா, உன் காப்பியில ஒண்ணு கம்மி. இது மேனேஜரோட காப்பி."

மேனேஜரின் பிஸ்கட் பாதியாக ஒடிந்து டீக்குள் விழுந்தது. அவர் ஸ்பூனை எடுத்து அதைத் தேட ஆரம்பித்தார்.

சிரிப்பு மறுபடி தொண்டைவரை வந்துவிட்டது. கமா அதை விக்கலாக மாற்றி, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

"என்னால நம்பவே முடியலைம்மா. சார் போய் இப்படியா? பிள்ளைகுட்டிக்காரர்மா, ஏதோ சபலத்துல பண்ணிட்டார். போலீஸ் எல்லாம் வேண்டாம். எனக்காக இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க."

"மன்னிக்கிறதும் மன்னிக்காததும் என் கையில இல்லை" என்றார் முதலாளியம்மா, போனை எடுத்து போலீஸ் நம்பரைத் தட்டியபடி.

"அதை நீ அவர்கிட்டயே கேட்டுக்க, கமா. இத்தனை நாவலையும் புனைபேர்ல எழுதினவரே இவர்தான். தன் கொலைகாரனைத் தானே காட்டிக் கொடுக்க அவருக்கென்ன தலையெழுத்தா?"