கழுவாத விரல்

திரிம்பாக் கோயில் மண்டபத்தில் அன்று நீரிழிவு எனும் சீனி வருத்தத்துக்கு இலவசப் பரிசோதனை நடந்தது. இரத்த ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் யாதவி கருவியோடு உட்கார்ந்திருந்தாள். பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாத பஞ்சாமிர்தத்துக்குக் கோயிலுக்குள் காவல் இருந்த தம்பித்துரை, வருங்காலச் சம்பந்தி தயாபரனை அழைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினார்.

“குத்தும் பிள்ளை. எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் சீனி இல்லை. சம்பந்தியும் பாக்கட்டும்.”

வெறும் வயிற்றில் ஆறைத் தாண்டக்கூடாத கருவி பதினெட்டைக் காட்டியது. யாதவி நெற்றியைச் சுருக்கினாள்.

“இப்ப ஏதும் சாப்பிட்டனீங்களோ ஐயா?”

“கந்தசஷ்டி விரதமெல்லோ. பச்சைத் தண்ணியும் வாயில வைக்கேல்லை. உம்மட மெஷின்தான் பிழை.”

“விரதமெண்டா அண்ணை நெருப்பு மாதிரி,” என்றார் தயாபரன்.

“மெஷினைக் காலமைதான் சரிபாத்தனான்.” இவ்வளவு சீனி உள்ளவர் இப்படி நிமிர்ந்து நிற்கிறாரே என்று யாதவிக்கு ஒரே யோசனை. “ஐயா, விரலில இனிப்புப் பட்டிருந்தாலும் கூடத்தான் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ, திரும்பப் பாப்பம்.”

தயாபரன் சிரித்தார். “விரதம் பிடிக்கிற ஆளின்ர விரலில இனிப்பு எங்கால வரும் பிள்ளை?”

யாதவியின் பார்வை தம்பித்துரையின் மீசையோரம் ஒட்டியிருந்த பேரீச்சம்பழத் துணுக்கில் போய் நின்றது.

தம்பித்துரை கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“கழுவத் தேவையில்லை பிள்ளை. மெஷின் சரியாத்தான் காட்டுது. எங்கட அப்பாவுக்கும் சீனி இருந்தது.”