சின்னதே போதும்

"சின்னதே போதும் தம்பி, அதையே போட்டுக் கொடுங்க" என்றாள் நஜீபா.

வாங்க வந்தவள் தேவிகா. முடிவு சொன்னதோ கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி.

கடைக்காரன் அஷ்வின் கண்ணாடி மேசைமேல், கம்ப்யூட்டரில் செருகுகிற வைஃபை அடாப்டர்கள் இரண்டை வைத்திருந்தான். ஒன்று விரல்நகம் அளவு, முந்நூற்றைம்பது ரூபாய். இன்னொன்று ஆன்டெனா வைத்தது, ஆயிரத்து நூறு.

"ரூட்டர் எங்க இருக்குங்க?"

"இந்த அக்கா வீட்டுக் கூடத்துல. நடுவுல ரெண்டு சுவரு" என்றாள் தேவிகா.

"அப்ப ஆன்டெனா வச்சதுதாங்க சரி. சின்னது அவ்வளவு தூரம் இழுக்காது."

"அதெல்லாம் இழுக்கும். எதுக்கு வெட்டிச் செலவு?" என்றாள் நஜீபா.

தேவிகாவுக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை அவளுக்குப் புது வேலை ஆரம்பம். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. முதல் வாரத்திலேயே நெட் அறுந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தம்பியின் பழைய டெஸ்க்டாப் இருக்கிறது, அதில் வைஃபை வசதி இல்லை. சொந்தமாக இணைப்பு எடுக்க முதல் சம்பளம் வர வேண்டும். அதுவரை நஜீபா வீட்டு வைஃபைதான்.

கேட்காமலே பாஸ்வேர்டு கொடுத்த அக்கா, இப்போது ஏன் இப்படி?

யோசித்ததும் புரிந்துவிட்டது. அவர்கள் தெருவில் ஒருவர் குழாயில் மோட்டார் போட்டால் அடுத்த வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. ஆன்டெனாவும் அப்படி உறிஞ்சிவிடும் என்று பயம் போல. துபாயில் இருக்கும் புருஷனோடு தினமும் பேச வேண்டுமே!

ஓசியில் வாங்குகிறவள் வாய் திறக்க முடியுமா?

"சரி, சின்னதே கொடுங்க."

"சிக்னல் கிடைக்கலைன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்றான் அஷ்வின், நாளைக்கே வந்து நிற்பாள் என்று தெரிந்தவன் மாதிரி.

அம்பகரத்தூர் பஸ்ஸில் நஜீபா வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். தேவிகா ஜன்னல் பக்கம் திரும்பி "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை, எப்படியும் கிடைக்காது என்ற நினைப்போடுதான் அதைச் செருகினாள். திரையின் ஓரத்தில் சிக்னல் முழுசாக நின்றது. வீடியோ போட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

அக்காவுக்கு விஷயம் தெரிந்துதான் இருக்கிறது, நாமதான் என்னென்னவோ நினைத்துவிட்டோம் என்று கூச்சமாக இருந்தது. மனசு லேசானது. ஒரு கிண்ணத்தில் கேசரி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் நஜீபாவின் மாமியார் ஜொஹரா மட்டும் இருந்தார்.

"அக்கா இல்லீங்களாம்மா?"

"சாமான் ரூம்ல நிக்கிறா. எம்மவன்கூடப் பேசிக்கிட்டிருக்கா."

எட்டிப் பார்த்தாள். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே, உட்காரக்கூட இடமில்லாமல், போனைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள் நஜீபா.

"அங்க போய் ஏம்மா நிக்கிறாங்க?"

"வேற எங்க நிப்பா? இன்னும் சம்பளமே வாங்காத புள்ளைக்கு எதுக்கு ஆயிரம் ரூவா செலவுன்னு, நேத்து வந்த கையோட அந்த வைஃபை பெட்டியைக் கழட்டி அந்த ரூம்ல உங்க வீட்டுச் சுவத்தோரம் மாட்டிட்டா. இப்ப கூடத்துல எங்களுக்கு விட்டு விட்டுத்தான் கேக்குது. ஒனக்கு நல்லாக் கிடைக்குதாம்மா?"