வராத மெசேஜ்

"மூணு நாளாச்சு. பேங்க்லேர்ந்து ஒரு மெசேஜ்கூட வரலை."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போனை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார் பூட்டுக்கடைக்காரர். சொகுசுக் கப்பல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"வரலைன்னா நல்லதுதானே," என்றார் மனைவி, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே.

"என்ன நல்லது? வேளாவேளைக்குக் காப்பி குடிச்சிருக்கோம். நீ சால்வை வாங்கியிருக்கே. தீவைச் சுத்திப் பார்த்தோம். எல்லாம் கார்டுலதானே போகும்? நேத்து கரையில சிக்னல் கிடைச்சப்போ பல் டாக்டர் மெசேஜ் வந்துச்சு, பெயின்ட் கடை மெசேஜ் வந்துச்சு. பேங்க் மட்டும் வாயைத் திறக்கலை. எவனோ பேங்க்ல என் போன் நம்பரை மாத்திட்டான். மெசேஜ் எல்லாம் அவனுக்குப் போகுது."

முப்பது வருடம் பூட்டு விற்றவர். திருட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அறைக் கதவைத் திறக்கும் அட்டையை நீட்டினாலே இந்தக் கப்பலில் காப்பியும் தருகிறார்கள் என்று தெரிந்த அன்றே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. சொந்த கிரெடிட் கார்டை வெள்ளித்தாளில் சுற்றி, சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸோடு தூங்கினார். கிளம்புவதற்கு முந்தின வாரம் கப்பல் ஆப்பில் கார்டைப் பதிவு செய்தபோதுகூட, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பதினாறு எண்ணையும் மனைவி காதில் ஓதினார். தட்டியது மனைவி. அவருக்கு ஆப் எல்லாம் ஆகாது.

"அன்னிக்கு நம்பரைச் சரியாத்தானே அடிச்சே?"

சீப்பு ஒரு நொடி நின்றது. "சரியாத்தான் அடிச்சேன்."

"அப்போ கிளம்பு. கவுன்ட்டர்ல கேட்டுடலாம்."

"சாப்பிட்டுட்டுப் போவோமே."

"இங்க குடி முழுகுதுங்கிறேன், உனக்குச் சாப்பாடு."

லிஃப்டில் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பூட்டுக்கடைக்காரர் அவனுக்கு முதுகைக் காட்டாமல், சாக்ஸ் இருந்த காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது அவருக்கு வேர்த்திருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் அவரை அவருடைய அப்பா பெயரைச் சொல்லி வரவேற்றாள். கப்பலில் எல்லோரும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலைப் பின்பெயராக விரித்து எழுதியதன் பலன், எப்போதோ போய்ச் சேர்ந்த அப்பா மூன்று நாளாகக் கப்பலில் ராஜமரியாதையோடு வலம் வந்துகொண்டிருந்தார்.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் திரையில் தேடினாள். "ஒரு பிரச்சினையும் இல்லையே சார். கார்டு நல்லாத்தான் வேலை செய்யுது. கடைசி நாலு எண் ஏழு, ஏழு, ஒண்ணு, நாலு."

பூட்டுக்கடைக்காரர் குனிந்தார். ஷூவைக் கழற்றினார், சாக்ஸை இறக்கினார், வெள்ளித்தாளைப் பிரித்தார். அந்தப் பெண் நாகரிகமாக மேலே பார்த்துக்கொண்டாள்.

"இதுல ரெண்டு, ஒன்பது, பூஜ்யம், அஞ்சுன்னு இருக்கு."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்போ உங்க கார்டு எங்ககிட்ட பதிவே ஆகலை சார். நீங்க ஏறின நாள்லேர்ந்து எல்லாம் வேற ஒரு கார்டுலதான் போயிருக்கு."

தன் கார்டை எவனாவது திருடிவிடுவான் என்று மூன்று நாளாகச் சாக்ஸோடு தூங்கியவர், எவன் காசிலோ காப்பி குடித்திருக்கிறார். அந்த ஆசாமி இந்நேரம் போலீஸுக்குப் போயிருப்பான். அடுத்த துறைமுகத்தில் இரண்டு பேர் ஏறி வருவார்கள். ஊருக்குத் தெரிந்தால் கைகொட்டிச் சிரிக்கும். பூட்டு விற்ற கையில் விலங்கு.

"நாங்க எடுக்கலைம்மா. சத்தியமா எடுக்கலை. இந்த வயசுல எங்களுக்கு..." கார்டைத் திரும்பவும் வெள்ளித்தாளில் சுற்றினார். "யாரோட கார்டு அது?"

"பேரைச் சொல்லக் கூடாது சார்." அவள் திரையையும் அவருடைய பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. பின்பெயர் போடுற இடத்துல உங்க பேர் இருக்கு. உங்க அப்பா பேர் இல்லை, உங்க பேரேதான்."

"பாத்தியா, நான் சொல்லலை?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "என் பேர்லயே போலிக் கார்டு போட்டிருக்கான். முன்னாடி போட வேண்டியதைப் பின்னாடி போட்டுட்டான், அயோக்கியன். அம்மா, அதை உடனே முடக்குங்க. செக்யூரிட்டியைக் கூப்பிடுங்க."

"உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்குமா சார்?"

"எங்களுக்கு யாரும் கிடையாது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு படிவத்துல கேட்டிருந்தீங்க. யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்தேனே, பாருங்க."

அவள் போனை எடுக்கப் போனாள். அந்தக் கையின் மேல் மனைவி தன் கையை வைத்தார்.

"வேண்டாம்மா. அந்த நம்பரை அடிச்சது நான்தான்."

"நீயா?" என்றார் பூட்டுக்கடைக்காரர். "யாரோட நம்பர் அது?"

மனைவி அவரை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"கடையை ஏத்து நடத்த மாட்டேன்னதுக்கு, 'இனிமே என் பேரைச் சொல்லிக்கிட்டு எங்கயும் போய் நிக்காதே'ன்னு எட்டு வருஷத்துக்கு முன்னாடி விரட்டிவிட்டீங்களே. அன்னிலேர்ந்து நம்ம பையன் உங்க பேரை யார்கிட்டயும் சொல்லலைங்க. தன் பேருக்குப் பின்னாடி வெச்சிருக்கான், அவ்வளவுதான்."