மிளகு வந்தவள்

தேர்வுக்குப் படிக்கும் ஞாயிறுகளில் விடுதி அறையில் பெல்மெனி பிடிப்போம். இறைச்சி வைத்த சின்னக் கொழுக்கட்டைகள். பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே உறைபனிக் குளிரில் தொங்கவிட்டால் கல்லாக இறுகிவிடும். ஒன்றில் மட்டும் முழு மிளகு வைப்போம். அது யாருக்கு வருகிறதோ, அவள் உறைந்த லேனா ஆற்றின் நடுவரை ஓடித் திரும்ப வேண்டும்.

போன வருடம் ஃபாயினாவுக்கு வந்தது. ஆற்றுப் பனி விரிசல் விட்டிருந்தது எங்களுக்குத் தெரியும். "பயந்தாங்கொள்ளி, ஓடுடி!" என்று கத்தினோம். சிவப்புக் கையுறையோடு ஓடினவள் திரும்பவில்லை.

இந்த வருடம் அறையில் நானும் ரிம்மாவும்தான். மிளகு வைக்கவில்லை. கொதிநீரிலிருந்து எடுத்த ஒன்றைக் கடித்தேன். உள்ளே உருகாத பனிக்கட்டி. அதற்குள் ஃபாயினாவின் சிவப்புக் கையுறை நூல்.

ரிம்மா புத்தகத்தை மூடிவிட்டு என் பூட்ஸை எடுத்து நீட்டினாள்.

"அவளுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமாடி? ஓடு."