சிவப்பு ஸ்டாம்புக்குச் சிவப்பு வெளிச்சம்

ராஜா தலை போட்ட சிவப்பு ஸ்டாம்பை நீர்க்குறி பார்க்கும் கருவியில் வைத்து ஞானசிகாமணி சிவப்பு விளக்கைப் போட்டதும், அவர் மனைவி எஸ்தர் பதறி மேஜையருகே வந்து நின்றாள். அந்த வெளிச்சத்தில் ராஜா மறைந்து, தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி தெரிந்துவிடும். ஆல்பத்தைத் துடைக்கும்போது கிரீடக் குறி உள்ள அபூர்வமான அசலைக் கிழித்துவிட்டவள், பெட்டியில் கிடந்த அதே மாதிரி ஒன்றை அந்த இடத்தில் செருகியிருந்தாள். முகத்தையும் நிறத்தையும் பார்த்தாளே தவிர, தாளைப் பார்க்கவில்லை.

"என்னவே, கிரீடமா, வெறும் நட்சத்திரமா? ஊரெல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்சீரே" என்றார் ஸ்டாம்பு சேர்க்கும் கூட்டாளி பொன்னுதுரை.

குனிந்து பார்த்த ஞானசிகாமணி வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "கிரீடம்தான்வே" என்றார். எழுந்திருக்கும்போது அவர் விரல் விளக்கின் நிறம் மாற்றும் குமிழைப் பச்சைக்குத் தள்ளியதை எஸ்தர் மட்டும் பார்த்தாள். பச்சை வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப்போகும், எந்தக் குறியும் தெரியாது.

பொன்னுதுரை குனிந்தார். "ஒரே இருட்டால்லா இருக்கு."

"அதுக்குப் பழகின கண்ணு வேணும்வே."

பொன்னுதுரை முனகிக்கொண்டே செருப்பை மாட்டிப் போனார். ஞானசிகாமணி கதவைச் சாத்திவிட்டு வந்து, குமிழை மறுபடி சிவப்புக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப நீ வந்து பாரு, எஸ்தர்."